ஆர்லிஸ் ஸ்டோர்லியின் வலது தொடை

ஆர்லிஸ் ஸ்டோர்லி முதல் கேள்விக்கே "சரி" என்று சொல்லி நான் கேட்டதில்லை. காபி வேண்டுமா என்றால், வேண்டாம். பாதிக் கோப்பையாவது என்றால், எதுக்குச் சிரமம். போட்டாயிற்று, குடிக்காவிட்டால் கொட்டத்தான் வேண்டும் என்று மூன்றாவது முறை சொன்ன பிறகுதான், அப்படின்னா சரி. எங்கள் ஊரான லார்ச் ஹார்பரில் இப்படித்தான் எல்லோரும் காபி குடிக்கிறோம். அவரைப் பற்றி எழுதலாமா என்று நான் கேட்டபோதும் அதே கதைதான். மூன்றாவது முறை, "எழுதிக்கோ, ஆனா பெருசா ஒண்ணும் எழுதாதே" என்றார்.

நடந்தது பெரிய விஷயம். அதைச் சின்னதாக எழுத எனக்குத் தெரியவில்லை.

ஆர்லிஸ் எங்கள் மாவட்டத்தின் பனி வாரும் லாரி ஓட்டுநர். சுப்பீரியர் ஏரியை ஒட்டிப் போகும் நெடுஞ்சாலையும் அதிலிருந்து மலைப்பக்கம் ஏறும் கிளைச் சாலைகளும் அவர் பொறுப்பில் இருந்தன. இருபது பனிக்காலங்களுக்கு மேல் ஓட்டியிருக்கிறார். மாவட்ட லாரி டிப்போவில் லாரி ஓட்டிய முதல் பெண் அவர்தான் என்பதை அவர் சொல்லமாட்டார், மற்றவர்கள்தான் சொல்வார்கள். ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகள் ஓட்டுப் போட்டு அவருடைய லாரிக்குப் "பெரிய கரண்டி" என்று பெயர் வைத்தார்கள். கதவில் அந்தப் பெயர் எழுதியிருக்கும். "பசங்களுக்கு வேற வேலை இல்ல" என்பார். ஆனால் கிளம்புமுன் கையுறையால் அந்த எழுத்துகளை மட்டும் துடைத்துவிடுவார்.

பனி வாரும் லாரி போன பிறகு ஓரத்தில் ஒரு பனி வரப்பு நிற்கும். வீட்டு வாசல்களை அது அடைத்துவிடும். பிறகு வீட்டுக்காரர்தான் மண்வெட்டியோடு வெளியே வரவேண்டும். வயதானவர்களும் கைக்குழந்தைக்காரர்களும் எந்தெந்த வீட்டில் இருக்கிறார்கள் என்று ஆர்லிஸுக்குத் தெரியும். அந்த வாசல் வரும்போது, லாரியின் முன்னால் பனி தள்ளும் பிளேடைக் கொஞ்சம் திருப்பி, பனியை வாசலைத் தாண்டிக் கொண்டுபோய் விடுவார். யாரும் கேட்டுச் செய்ததில்லை. யாரும் நேரில் நன்றி சொன்னதும் இல்லை. கிறிஸ்துமஸுக்கு அவர் வீட்டுக் கதவில் புகையூட்டிய மீன் பொட்டலங்கள் தொங்கும், அவ்வளவுதான்.

அவருடைய உடம்பு முதலில் மக்கர் செய்தது தலைமுடி விஷயத்தில். சீப்பை உயர்த்திப் பிடித்தால் கை தானாக இறங்கியது. ஆர்லிஸ் முடியைக் கட்டையாக வெட்டிக்கொண்டார்.

அவரோடு வேலை பார்க்கும் ராய்ஸ், "யாரு வெட்டினது ஸ்டோர்லி, பிளேடாலயா?" என்று கேட்டார்.

"உன் பொண்டாட்டிகிட்டதான் வெட்டிக்கிட்டேன். உனக்கு வெட்டினதைப் பாத்தப்பவே யோசிச்சிருக்கணும்."

பிறகு படிகள். பெரிய கரண்டியின் ஓட்டுநர் இருக்கைக்கு ஏற இரும்புப் படிகள் உண்டு. கடைசிப் படி மிக உயரம். காலைத் தூக்கி வைத்தால் தொடை வேலை செய்யவில்லை. கைப்பிடியைப் பற்றி உடம்பை இழுத்து ஏறினார். வீட்டில் சோபாவிலிருந்து எழ மேசையைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. அவர் கணவர் டுவேன் படகு மோட்டார் பழுது பார்ப்பவர். அதிகம் பேசாதவர். ஒரு நாள் ஆர்லிஸ் வேலைக்குப் போயிருந்தபோது சோபாவின் நான்கு கால்களுக்கும் கட்டைகளை அறுத்து வைத்து உயர்த்திவிட்டார். மாலையில் ஆர்லிஸ் வந்து உட்கார்ந்தார், எழுந்தார், மறுபடி உட்கார்ந்தார்.

பிப்ரவரியில் ஒரு நாள், கிளைச் சாலையில் லாரியை நிறுத்தி, முன் விளக்கில் உறைந்த பனியைத் துடைக்க இறங்கினார். திரும்ப ஏற முடியவில்லை. இன்ஜின் ஓடிக்கொண்டிருக்க, கைப்பிடியைப் பிடித்தபடி கீழேயே நின்றார். எதிர்த்திசையிலிருந்து வந்த ராய்ஸ் பார்த்துவிட்டு, இறங்கி வந்து, ஒன்றும் கேட்காமல் தோளைக் கொடுத்து ஏற்றிவிட்டார்.

"யார்கிட்டயும் சொல்லமாட்டேன்" என்றார் ராய்ஸ்.

"நானே சொல்லிடறேன். பள்ளிக்கூட பஸ் போற ரோடு இது. பிரேக்கை மிதிக்கக் கால் வரலேன்னா என்ன ஆகறது?"

மறுநாள் சாவியை மேற்பார்வையாளர் லைல் மேசையில் வைத்தார். லைல் அவரை வானொலி மேசைக்கு மாற்றினார். மற்ற ஓட்டுநர்களுக்குச் செய்தி சொல்லும் வேலை. இடத்தை அடுத்த ஆண்டு அக்டோபர் வரை காலியாக வைத்திருப்பதாகவும், அதற்குள் யார் உதவியும் இல்லாமல் லாரியில் ஏற முடிந்தால் லாரி அவருக்குத்தான் என்றும் சொன்னார். அதுவரை ராய்ஸ் தன் தடத்தோடு ஆர்லிஸின் தடத்தையும் பார்த்துக்கொள்வார். டிப்போவில் கேக் வெட்டினார்கள். கேக்கின் மேல் ஒரு கரண்டி வரைந்திருந்தது. ஆர்லிஸ் அந்தக் கரண்டி இருந்த துண்டை மட்டும் சாப்பிடவில்லை.

ஊரின் மருத்துவர் டாக்டர் இபார்ரா அரிசோனாக்காரர். பாலைவனத்திலிருந்து வந்தவர் என்பதால் அவருக்கு இரண்டு கோட்டுகளைப் பரிசளித்திருந்தோம். நல்ல மருத்துவர். நேராகக் கேட்பார், சொன்னதை அப்படியே நம்புவார். ஆர்லிஸின் ரத்தத்தைப் பார்த்ததுமே, தசை எங்கோ சிதைகிறது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. கொழுப்புக்குக் கொடுத்திருந்த மாத்திரையாக இருக்கலாம் என்று அதை நிறுத்தினார். மாதங்கள் போயின, தசை தேறவில்லை. தொடையிலிருந்து தசைத் துணுக்கு ஒன்றை எடுத்துப் பார்க்கலாம் என்று பெரிய ஊர் மருத்துவமனைக்கு அனுப்பினார். முடிவு வந்தது: தசை நன்றாக இருக்கிறது.

அதற்குப் பிறகு ஆர்லிஸ், மற்றவர்கள் சொல்லுமுன் தானே தன்னைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். "வயசாகுது, வேற என்ன" என்றார். "உக்காந்தே இருந்து உடம்பு சோம்பலாயிடுச்சு" என்றார். இபார்ரா மட்டும் விடவில்லை. தொடைகளை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்க்கலாமா என்று கேட்டார். ஆர்லிஸ், "ஐயோ, அதெல்லாம் வேண்டாம் டாக்டர், என்னைவிட அவசரமானவங்க இருப்பாங்க" என்றார். நோயாளி வேண்டாம் என்றால் வேண்டாம்தான். இபார்ரா அதற்கு மேல் வற்புறுத்தவில்லை.

அக்டோபரில் எங்கள் தேவாலயத்தின் அடித்தளக் கூடத்தில் மீன் விருந்து நடக்கும். ஊரே வரும். ஆர்லிஸ் பூசணிக்காய் கேக் மேசையில் இருந்தார். வழக்கமாக நின்று பரிமாறுவார், அந்த வருடம் நாற்காலி போட்டிருந்தார்கள். டுவேன் பெரிய காபிப் பாத்திரத்தின் பக்கத்தில் நின்று கோப்பைகளை நிரப்பிக்கொண்டிருந்தார். நான் அவருக்குக் கோப்பை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

இபார்ரா கேக் மேசையைக் கடந்தார்.

"டாக்டர், ஒரு துண்டு எடுத்துக்குங்க" என்றார் ஆர்லிஸ்.

"வேண்டாங்க, வயிறு நிறைஞ்சிடுச்சு."

"சின்னத் துண்டுதான்."

"நிஜமாவே வேண்டாம்."

"அப்ப வீட்டுக்குக் கட்டித் தர்றேன், இருங்க."

இபார்ரா தப்பித்து எங்கள் பக்கம் வந்தார். டுவேனிடம் காபியை வாங்கிக்கொண்டு, "உங்க வீட்டுக்காரம்மா விடமாட்டேங்கறாங்க. ரெண்டு தடவை வேண்டாம்னு சொல்லிட்டேன்" என்றார்.

"அதனாலதான் மூணாவது தடவை கேக்கறா" என்றார் டுவேன்.

"எதுக்கு?"

டுவேன் ஒரு கோப்பையை நிரப்பி முடித்த பிறகே பதில் சொன்னார். "மொத தடவை மரியாதைக்குக் கேக்கறது. அதுக்கு மரியாதையா வேண்டாம்னு சொல்லணும். ரெண்டாவது தடவை, அது வெறும் மரியாதைதானான்னு பாக்கறது. மூணாவதுதான் நிஜமா கேக்கறது."

"யாராவது மொத தடவையே சரின்னு சொன்னா?"

"வெளியூர்க்காரங்கன்னு நினைச்சு மன்னிச்சுடுவோம்."

இபார்ரா சிரித்தார். ஆனால் அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது. கோப்பையை மேசைமேல் வைத்தார். கூடத்தின் மறுபக்கம், நாற்காலியில் உட்கார்ந்தபடி யாருக்கோ கேக் நீட்டிக்கொண்டிருந்த ஆர்லிஸைப் பார்த்தார்.

"டுவேன், நான் ஒருத்தர்கிட்ட ஒரு விஷயத்தை ஒரே தடவைதான் கேட்டேன்."

டுவேன் அடுத்த கோப்பையை எடுத்தார். "அப்ப நீங்க இன்னும் கேக்கவே இல்ல, டாக்டர்."

இபார்ரா நேராகப் போய்க் கேக்கை வாங்கிக்கொண்டார். பெரிய துண்டாக. திங்கட்கிழமை காலையில் கிளினிக்குக்கு வரும்படி ஆர்லிஸிடம் சொன்னார். அதையும் மூன்று முறை சொன்னார். விரல் விட்டு எண்ணிக்கொண்டே சொன்னதை நான் பார்த்தேன்.

திங்கட்கிழமை நடந்ததை ஆர்லிஸ் எனக்குச் சொன்னார், டுவேன் இடையிடையே திருத்தினார். ஸ்கேனுக்கு இபார்ரா மூன்று முறை கேட்டார், மூன்றாவது முறை, "நீங்க அவ்வளவு சொல்றதால சரி" என்று ஆர்லிஸ் ஒப்புக்கொண்டார். இபார்ராவுக்கு உற்சாகம் வந்துவிட்டது. பழைய கேள்விகளையெல்லாம் தூசி தட்டி எடுத்தார்.

"எந்தக் கால் அதிக மோசம்?"

"ரெண்டும் ஒண்ணுதான் டாக்டர்."

"எந்தக் கால்?"

"பெரிய வித்தியாசம் ஒண்ணும் இல்ல."

"ஆர்லிஸ், எந்தக் கால்?"

"வலது."

"எப்பலேருந்து?"

"மொதல்லேருந்தே."

இபார்ரா பழைய மருத்துவக் காகிதங்களைப் புரட்டினார். "தசைத் துணுக்கை இடது கால்லேருந்துல்ல எடுத்திருக்காங்க."

"அங்க இருந்த டாக்டர் எந்தக் கால்னு கேட்டாரு. உங்களுக்கு எது வசதியோன்னு சொன்னேன்."

"ஏன் வலதுன்னு சொல்லல?"

"அவரு ஏற்கெனவே இடது பக்கம் நின்னுட்டிருந்தாரு டாக்டர். கையுறையெல்லாம் போட்டாச்சு. அந்தப் பக்கம் சுத்தி வாங்கன்னு எப்படிச் சொல்றது?"

இபார்ரா இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். அழுகிறாரோ என்று ஆர்லிஸ் பயந்துவிட்டாராம். "அழல, சிரிச்சாங்க" என்று டுவேன் திருத்தினார்.

எங்கள் மருத்துவமனைக்குச் சொந்தமாக எம்.ஆர்.ஐ. இயந்திரம் இல்லை. செவ்வாய்க்கிழமைதோறும் ஒரு நீண்ட டிரெய்லருக்குள் டுலூத் நகரத்திலிருந்து வரும். பின்வாசலில் நிறுத்தி மின்சாரம் கொடுத்தால் அதுவே ஸ்கேன் அறை. அதில் படம் எடுப்பது என் வேலை. இத்தனை வருடமும் அந்த டிரெய்லருக்குச் சாலையைத் திறந்துவிட்டது பெரிய கரண்டிதான். டிரெய்லர் ஓட்டி வருபவர் ஆர்லிஸின் முகத்தைப் பார்த்ததில்லை, அவருடைய பின் விளக்குகளைத்தான் பார்த்திருக்கிறார்.

ஆர்லிஸின் முறை நவம்பரில் வந்தது. அன்று அந்தப் பருவத்தின் முதல் பெரிய பனி. டிரெய்லர் வருமா என்றே சந்தேகமாக இருந்தது. தாமதமாகத்தான் வந்தது, ராய்ஸ் ஓட்டிய பெரிய கரண்டியின் பின்னால். அதற்கும் பின்னால் டுவேனின் பிக்கப்பில் ஆர்லிஸ்.

ராய்ஸ் இறங்கி வந்து பிக்கப்பின் கண்ணாடியைத் தட்டினார். "ரோடு எப்படி இருந்தது மகாராணி?"

"மோசமில்ல."

மோசமில்லை என்பது எங்கள் ஊரில் பாராட்டு. ராய்ஸ் முகம் மலர்ந்தது.

"ஆனா நெல்சன் வீட்டு வாசல்ல வரப்பை அப்படியே விட்டுட்டு வந்துட்டே" என்றார் ஆர்லிஸ். "அந்த மனுஷனுக்கு இதய ஆபரேஷன் ஆகியிருக்கு."

"உன்னை ஸ்கேன் எடுக்கத்தானே கூட்டிட்டு வந்தாங்க, என்னையா?"

"உன் தலையை எடுத்தா படத்துல ஒண்ணும் தெரியாது. போ, போய் அதை வாரிட்டு வா."

ராய்ஸ் போனார். உண்மையாகவே நெல்சன் வீட்டுக்குத்தான் போனார்.

டிரெய்லருக்குள் ஏற இரும்புப் படிகள் இருந்தன. பெரிய கரண்டியின் படிகளைப் போலவே. ஆர்லிஸ் அவற்றின் முன்னால் நின்றார். பக்கத்தில் சக்கர நாற்காலிகளை ஏற்றி இறக்கும் தூக்கி இருந்தது.

"தூக்கியை இறக்கட்டுமா?" என்றேன்.

"வேண்டாம், வேண்டாம்."

"ஒரு பொத்தானை அமுக்கினா போதும்."

"எதுக்கு உனக்குச் சிரமம்?"

"குளிர்ல அது உறைஞ்சிடாம இருக்க எப்படியும் ஒரு தடவை இறக்கி ஏத்தணும்."

"அப்படின்னா சரி" என்றார்.

இயந்திரத்துக்குள் அனுப்புமுன் காதடைப்பான் கொடுத்து, சத்தம் அதிகமாக இருக்கும், பயப்படவேண்டாம் என்று சொன்னேன். எல்லோருக்கும் சொல்வதுதான். படம் எடுக்கத் தொடங்கியதும் அந்த இயந்திரம் தடதடவென்று இரும்பை உரசுவது போல முழங்கும். பலர் கண்ணை இறுக மூடிக்கொள்வார்கள். ஆர்லிஸ் அசையவே இல்லை. நடுவில் ஒலிவாங்கியில் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டேன். பதில் வரச் சற்று நேரமானது.

"தூங்கிட்டேன் போல. பிளேடு வெறும் தார்ல உரசற சத்தம் மாதிரியே இருக்கு. இதைக் கேட்டு எவ்வளவு நாளாச்சு."

படங்கள் ஒவ்வொன்றாகத் திரையில் வந்தன. இதில் ஒரு வகைப் படம் உண்டு. கொழுப்பின் வெளிச்சத்தை அணைத்துவிட்டு, வீக்கத்தின் நீரை மட்டும் வெள்ளையாகக் காட்டும். ஆரோக்கியமான தசை அதில் சாம்பல் இருட்டாக இருக்கும். ஆர்லிஸின் இடது தொடை பெரும்பாலும் இருட்டாக இருந்தது. வலது தொடையின் முன்பக்கத் தசைகள் திட்டுத் திட்டாக வெள்ளை வெளேரென்று எரிந்தன.

நான் எதுவும் சொல்லக்கூடாது. முகத்திலும் காட்டக்கூடாது. படம் எடுப்பது மட்டும்தான் என் வேலை, அதைப் படிப்பவர் டுலூத்தில் இருக்கும் மருத்துவர்.

இயந்திரத்திலிருந்து வெளியே வந்ததும் ஆர்லிஸ், "எப்படி இருக்கு?" என்றார்.

"படம் தெளிவா வந்திருக்கு. டாக்டர் பேசுவாங்க."

அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அவர் இரண்டாவது முறையும் மூன்றாவது முறையும் கேட்டுவிடுவாரோ என்று பயந்தேன். கேட்கவில்லை. கோட்டை மாட்டிவிட்டபோது என் கையை ஒரு முறை தட்டிக்கொடுத்தார், அவ்வளவுதான்.

படத்தை இபார்ரா தன் அறையில் பெரிய திரையில் போட்டுக் காட்டினார். ஆர்லிஸும் டுவேனும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள்.

"இதுக்குத் தசை அழற்சின்னு பேரு. உடம்பைக் காக்க வேண்டிய அணுக்களே உங்க தசையை எதிரின்னு நினைச்சுத் தாக்குது. இது எல்லா இடத்துலயும் ஒரே மாதிரி வராது, அங்கங்க திட்டுத் திட்டா வரும். வெள்ளையா தெரியுதே, அதுதான்."

ஆர்லிஸ் நாற்காலியை முன்னால் இழுத்துப்போட்டுப் பார்த்தார். வரைபடத்தைப் பார்க்கிற மாதிரி மேலிருந்து கீழாகப் பார்த்தார் என்று டுவேன் சொன்னார்.

"துணுக்கு எடுத்த இடம் எது?"

இபார்ரா இடது தொடையில் ஒரு இருட்டான பகுதியைக் காட்டினார்.

"அப்ப அவரு வாரி முடிச்ச ரோட்டுல போய்ப் பனியைத் தேடியிருக்காரு."

"ரொம்பச் சரி."

"பாவம், நான்தான் அந்த ரோட்டைக் காட்டினேன்." பிறகு கேட்டார். "அப்ப இது சோம்பல் இல்ல."

"இல்ல."

"வயசும் இல்ல."

"இல்ல ஆர்லிஸ்."

ஆர்லிஸ் டுவேன் பக்கம் திரும்பினார். "கேட்டியா?"

"நான் எப்ப அப்படிச் சொன்னேன்?"

"நீ சொல்லல. நான்தான் எனக்குச் சொல்லிட்டிருந்தேன்."

இபார்ரா அடுத்த படத்தைப் போட்டார். தசை செத்துப்போனால் அந்த இடத்தில் கொழுப்பு வந்து உட்கார்ந்துவிடும், பிறகு அது திரும்பாது என்றார். இந்தப் படம் அதைப் பார்ப்பதற்கு. அதில் அப்படி எதுவும் தெரியவில்லை.

"வீக்கம் இருக்கு. ஆனா அதுக்கு அடியில தசை அப்படியே இருக்கு."

"அடியில ரோடு இருக்கு."

"இருக்கு."

"அப்ப வாரிடலாம்" என்றார் ஆர்லிஸ்.

அதன் பிறகு ஊரில் பல விஷயங்கள் வேகமாக நடந்தன. படத்தில் மிக வெள்ளையாக இருந்த இடத்தை இபார்ரா வலது தொடையில் பேனாவால் குறித்து, மறுபடி துணுக்கு எடுக்க அனுப்பினார். இந்த முறை மருத்துவர் எந்தப் பக்கம் நின்றாலும் வலது என்று சொல்லச் சொல்லி டுவேன் காரில் வழியெல்லாம் ஒத்திகை பார்த்தாராம். துணுக்கில் அழற்சி அணுக்கள் கூட்டமாக இருந்தன. மருந்து தொடங்கியது. முதல் மருந்து ஸ்டீராய்டு மாத்திரை. ஆர்லிஸின் முகம் உப்பியது, பசி பிய்த்துக்கொண்டு வந்தது, இருப்புக் கொள்ளவில்லை. கேக் செய்ய ஆரம்பித்தார். டிப்போவுக்குக் கேக், நூலகத்துக்குக் கேக், எங்கள் டிரெய்லருக்குக் கேக்.

ராய்ஸ் கிளினிக் வாசலில் இபார்ராவை வழிமறித்து, "டாக்டர், அந்த மாத்திரையைச் சட்டுனு நிறுத்திடாதீங்க. எலுமிச்சைக் கேக் இப்பத்தான் ஆரம்பிச்சிருக்கு" என்றார்.

மாத்திரையை மெல்ல மெல்லக் குறைத்தார்கள், கூடவே இன்னொரு மருந்து சேர்ந்தது. பயிற்சியும் இருந்தது. டுவேன் வீட்டின் பின்புறம் ஒரு மரப்படி செய்து வைத்தார். முதலில் மிகத் தாழ்வாக. அது எளிதானதும் ஒரு பலகை சேர்த்தார். பிறகு இன்னொன்று. தளர்ந்த நாள்களும் இருந்தன. ஏப்ரலில் சளிக் காய்ச்சல் வந்து பழையபடி மேசையைப் பிடித்து எழுந்தார், அப்போது பலகை ஒன்று திரும்ப இறங்கியது. மே மாதத்தில் அது மீண்டும் ஏறியது.

கோடையில் இன்னொரு ஸ்கேன். இந்த முறை ஆர்லிஸ் தூக்கியின் பக்கம் போகவில்லை. கைப்பிடியைத் தொட்டுக்கொண்டு, ஆனால் இழுக்காமல், டிரெய்லரின் படிகளில் ஏறினார். நான் கதவைப் பிடித்தபடி வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தேன். வலது தொடை திரையில் வந்தது. முழுக்க இருட்டு. அழகான, சீரான சாம்பல் இருட்டு. வாழ்க்கையில் எத்தனையோ படங்கள் எடுத்திருக்கிறேன், ஒரு இருட்டைப் பார்த்து அப்படி மகிழ்ந்ததில்லை.

"எப்படி இருக்கு?" என்றார்.

"படம் தெளிவா வந்திருக்கு" என்றேன். என் முகம் அன்று விதியை மீறிவிட்டது என்று நினைக்கிறேன். அவர் கோட்டை எடுக்கும்போது, "ரோடு சுத்தம்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

அக்டோபரில் சோதனை. லைல் சொன்ன கெடு அது. டிப்போ முற்றத்தில் பெரிய கரண்டியைக் கழுவி நிறுத்தியிருந்தார்கள். யாரும் வேடிக்கை பார்க்க வந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. ஆனால் எல்லா ஓட்டுநர்களுக்கும் அன்று முற்றத்தில்தான் வேலை இருந்தது. ஒருவர் ஏற்கெனவே பெருக்கிய இடத்தைப் பெருக்கினார். இபார்ரா சாலை உப்பைப் பற்றி ஏதோ கேட்க வந்திருந்தார். நான் கேக் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்க வந்திருந்தேன். டுவேன் பிக்கப்பிலிருந்து இறங்கவே இல்லை, கண்ணாடியை மட்டும் இறக்கியிருந்தார்.

ஆர்லிஸ் கையுறையால் கதவின் பெயரைத் துடைத்தார். பிறகு வலது காலை முதல் படியில் வைத்தார். இடது கால் அடுத்ததற்குப் போனது. கடைசிப் படிக்கு மறுபடி வலது கால். அந்த உயரமான படியில் அது உட்கார்ந்தது, ஒரு கணம் அப்படியே நின்றது, பிறகு உடம்பு முழுவதையும் அந்தத் தொடை தூக்கியது. கை கைப்பிடியைச் சும்மா தொட்டுக்கொண்டிருந்ததை எல்லோரும் பார்த்தோம். இருக்கையில் உட்கார்ந்தார். இறங்கினார். யாரும் கேட்காமலே இன்னொரு முறை ஏறினார்.

பெருக்கியவர் பெருக்குவதை நிறுத்தியிருந்தார்.

லைல் லாரியின் பக்கத்தில் வந்து நின்றார். மூன்று முறை கேட்கத் தயாராகத்தான் வந்திருந்தார், நாங்கள் எல்லோரும் அதற்குத் தயாராகத்தான் இருந்தோம்.

"லாரியை எடுத்துக்கறியா, ஸ்டோர்லி?"

"எடுத்துக்கறேன்" என்றார் ஆர்லிஸ்.

லைல் அடுத்த கேள்விக்காக வாயைத் திறந்துவிட்டு மூடினார். ராய்ஸ்தான் முதலில் சமாளித்துக்கொண்டார்.

"டாக்டர், அந்த மருந்துல வேற என்ன கலந்திருக்கு?"

இபார்ரா சிரித்தார், இந்த முறை முழுதாக. ஆர்லிஸ் கண்ணாடியை இறக்கி, "சாவி எங்க, ராய்ஸ்? இன்னும் உன் பாக்கெட்ல என்ன பண்ணுது?" என்றார். ராய்ஸ் சாவியை எறிந்தார். ஆர்லிஸ் கையைத் தலைக்கு மேல் உயர்த்தி அதைப் பிடித்தார். சீப்பைத் தூக்க முடியாதிருந்த அதே கை. பிக்கப்பில் டுவேன் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். அதற்குப் பின்னால் அவர் என்ன செய்தார் என்று நான் பார்க்கவில்லை. அன்று மாலை சோபாவின் கால்களுக்கு அடியிலிருந்து கட்டைகளை எடுத்துவிட்டார் என்று மட்டும் தெரியும்.

முதல் பனி ஒரு திங்கட்கிழமை தொடங்கி விடியவிடியப் பெய்தது. செவ்வாய்க்கிழமை காலையில் நான் மருத்துவமனையின் பின்வாசலில் டிரெய்லருக்கான மின்கம்பியோடு காத்திருந்தேன். ஏரிப்பக்கம் எதுவும் தெரியவில்லை, எல்லாம் ஒரே வெள்ளை. பிறகு அந்த வெள்ளைக்குள் மஞ்சள் விளக்கு சுழன்று வந்தது. பெரிய கரண்டி பனியை அலைபோல ஒதுக்கிக்கொண்டு வர, பின்னாலேயே டிரெய்லர், வழக்கமான நேரத்துக்கு. மருத்துவமனைக்கு எதிரே இருந்த வீட்டு வாசல் வந்ததும் பிளேடு கொஞ்சம் திரும்பியது. பனி அந்த வாசலைத் தாண்டிப் போய் விழுந்தது.

டிரெய்லர் ஓட்டுநர் இறங்கி வந்து, "இன்னைக்கு யாரு ஓட்டறது? ரோடு சமையலறைத் தரை மாதிரி இருக்கு" என்றார்.

நான் லாரியைக் காட்டினேன். அது திரும்பி நெடுஞ்சாலைக்குப் போய்க்கொண்டிருந்தது. ஆர்லிஸ் எங்களைப் பார்த்து ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலை உயர்த்தினார். எங்கள் ஊரில் அதற்கு மேல் யாரும் கையசைப்பதில்லை. நான் இரண்டு கைகளையும் உயர்த்தி அசைத்தேன்.